பச்சை விளக்கு யாருக்கு?

விளாத்திகுளம் கடைத்தெருவில் மிளகாய் மூடை ஏற்றிய வண்டியும் வேம்பார் பேருந்தும் எதிரெதிரே வந்து நின்றுவிட்டால், பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் இறங்கி, "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால எடுங்க" என்று கை காட்டுவார். இரண்டு நிமிடத்தில் வழி பிறந்துவிடும். யாருக்கு அவசரம், யார் சற்றுப் பொறுக்கலாம் என்று ஆளைப் பார்த்துத்தான் அந்தக் கை அசைகிறது. மானாவாரி வெள்ளாமை பொய்த்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கு அந்தக் கை இல்லை. அங்கே அதைத் தீர்மானிப்பது சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கடிகாரம்.

அன்பார்ந்தவர்களே, 1868ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே எரிவாயுவில் எரியும் சாலை விளக்கை முதன்முதலில் நிறுவினார்கள். சில வாரங்களிலேயே அது வெடித்து, இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது. விளக்குகள் இன்று வெடிப்பதில்லை. பொறுமையைத்தான் வெடிக்க வைக்கின்றன. ஒரு சந்திப்பில் பச்சை விழுந்து புறப்படும் வண்டி அடுத்த சந்திப்பில் சிவப்பைப் பார்த்தால் பயனில்லை. இரண்டுக்கும் இடையே 400 மீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், அடுத்த பச்சை 36 விநாடி தள்ளி விழ வேண்டும். இதைத்தான் 'பச்சை அலை' என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், ஒரு திசைக்குப் பொருத்தினால் எதிர்த்திசை குலைகிறது. பைக் ஒரு வேகம், ஆட்டோ ஒரு வேகம், பேருந்து ஒரு வேகம்.

எனவே, வண்டிகளின் வரத்தைப் பார்த்து விநாடிகளைத் தானே கூட்டிக் குறைக்கும் முறைக்குப் பெரிய நகரங்கள் மாறி வருகின்றன. பெங்களூரில் 165 சந்திப்புகளுக்கு இந்தத் திட்டம். அதற்கான மென்பொருளை நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. கூகுள் நிறுவனமும் தன் வரைபடத் தகவல்களை ஆராய்ந்து, எந்தச் சந்திப்பில் எத்தனை விநாடி மாற்றலாம் என்று பெங்களூருக்கும் கொல்கத்தாவுக்கும் யோசனை சொல்கிறது. இதனால் வண்டிகள் நின்று நின்று போவது 30 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று 2023இல் அந்நிறுவனம் தெரிவித்தது. நல்ல செய்திதான்.

ஆனால் இந்தக் கருவிகள் எதை எண்ணுகின்றன என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவை எண்ணுவது வண்டிகளை. அறுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் பேருந்தும் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் காரும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய சமம். நடந்து போகிறவர் கணக்கிலேயே வருவதில்லை. பெரிய சாலையில் பச்சை நீள நீள, குறுக்குத் தெருக்காரரும் நடப்பவரும் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். சாலையைக் கடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். அப்படியானால் 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 விநாடி. மகனைப் பார்க்க ஊரிலிருந்து போன, மூட்டுவலியுள்ள அம்மா 0.8 மீட்டர் நடந்தால் 30 விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார்.

வேறு வழி இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டிராமும் பேருந்தும் நெருங்கும்போதே விளக்கு அவற்றுக்கு வழிவிடுகிறது. கார் காத்திருக்கிறது. 2015இல் வெளியான 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், நகரங்களில் பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தேவை என்பதைக் குறிப்பிட்டதும் இந்த எண்ணத்தில்தான்.

கடைத்தெருவில் நாம் முறையாக ஒழுங்கு காக்கிறோமா என்று கேட்காதீர்கள், அது தனிக்கட்டுரை.

இது பட்டணத்துப் பிரச்சனை மட்டுமல்ல. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தொடங்கியது. நம் பகுதியில் நிலைமை மோசமானால் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோதான் கொண்டு போகிறோம். நான்குவழிச் சாலையில் ஓட்டுநர் மிச்சம் பிடித்த நிமிடங்களை, நகரத்துக்குள் இரண்டு மூன்று சிவப்பு விளக்குகள் விழுங்கிவிடுகின்றன. ஆம்புலன்ஸ் வரும் திசையை அறிந்து முன்கூட்டியே பச்சை தரும் கருவிகள் வந்துவிட்டன. தூத்துக்குடி, மதுரை இரண்டுமே 2025 மார்ச்சில் முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடம்பெற்ற நகரங்கள். அங்குள்ள எத்தனை சந்திப்புகள் ஆம்புலன்சை அடையாளம் காண்கின்றன? திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பட்டாவுக்காகவும் பயிர்க் காப்பீட்டுக்காகவும் மனுவோடு போகும் நம்மவர்கள், இந்தக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகலாம்.