கிருமிக்கு நோய் வருமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘நன்மை செய்பவை’, மறு பக்கம் ‘தீமை செய்பவை’ என்று எழுதினேன். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் நன்மைப் பக்கம் போயின. வைரஸ் மொத்தமும் தீமைப் பக்கம். அப்போது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், கிருமிக்கு நோய் வருமா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “பேசாம உட்காருடா” என்றேன்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டேன்: கிருமிக்கும் நோய் வரும். பூஞ்சைகளைத் தொற்றுவதற்கென்றே தனி வைரஸ்கள் இருக்கின்றன.

அவை முதலில் தெரியவந்தது காளான் பண்ணையில். 1948இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் மொட்டுக் காளான்கள் உருக்குலைந்து, விளைச்சல் விழுந்தது. 1962இல் இங்கிலாந்தில் ஹாலிங்ஸ் என்ற ஆய்வாளர், இப்படி நோயுற்ற காளான்களுக்குள் வைரஸ் இருப்பதைக் காட்டினார். காளானும் பூஞ்சைதான். இதுவரை என் கரும்பலகைக் கோடு சரி. வைரஸால் விவசாயிக்கு நஷ்டம்.

அடுத்த கதையில்தான் கோடு அழிகிறது. செஸ்ட்நட் என்று ஒரு மரம். அதன் கொட்டையை மாவாக்கிச் சாப்பிட்டே இத்தாலியின் மலைக் கிராமங்கள் பல தலைமுறை வாழ்ந்தன. 1904இல் நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள் காய்வதைப் பார்த்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சைதான் காரணம். பட்டையில் உள்ள சிறு காயம் வழியாக நுழைந்து, பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள பகுதியைச் சுற்றிவளைத்து அழித்துவிடும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போகும். சுமார் ஐம்பது ஆண்டுகளில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின என்று மதிப்பிடுகிறார்கள். 1938இல் அதே நோய் இத்தாலியின் ஜெனோவா பக்கம் தென்பட்டது.

அங்கும் எல்லாம் அழியும் என்றுதான் பயந்தார்கள். ஆனால் 1950களில் பிராகி என்ற இத்தாலிய அறிஞர், நோய் வந்த சில மரங்களில் புண் தானாக ஆறுவதைக் கவனித்தார். பிறகு பிரான்சில் கிராந்த் என்பவர் அந்தப் புண்ணிலிருந்து பூஞ்சையை எடுத்து வளர்த்துப் பார்த்தார். வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் வளரும் பூஞ்சை, வெள்ளையாக வளர்ந்தது. அந்த வெள்ளைப் பூஞ்சையை வேறொரு மரத்தின் புண்ணில் வைத்தால் அந்தப் புண்ணும் ஆறியது. வெள்ளைப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருப்பது பின்னால் தெரிந்தது. அது பூஞ்சையைக் கொல்வதில்லை. வீரியத்தைக் குறைத்து நோஞ்சானாக்குகிறது. அதற்குள் மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்போமே, அதேதான்.

அப்படியானால் அமெரிக்காவிலும் அந்த வைரஸை விட்டால் போதுமே என்று கேட்பீர்கள். விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பரவவில்லை. ஒரு பூஞ்சையின் இழை இன்னொன்றின் இழையோடு ஒட்டி இணையும்போதுதான் இந்த வைரஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். ஒத்துப்போகும் வகைகள்தான் அப்படி இணையும். ஐரோப்பாவில் வகைகள் குறைவு. அமெரிக்காவில் மிக அதிகம். அதனால் ஓரிடத்தில் மருந்தான வைரஸ் இன்னோரிடத்தில் பயன்படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதற்குள் ஒரு பூஞ்சை, அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். வைரஸை நீக்கினால் புல் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. திரும்பச் சேர்த்தால் தாங்குகிறது. 2007இல் வெளியான ஆய்வு இது. இங்கே வைரஸால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றும் சேர்ந்து பிழைக்கின்றன.

நம் தமிழில் வைரஸுக்கு நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். பெயரிலேயே நஞ்சும் தீமையும் வந்துவிட்டன. லத்தீனிலும் வைரஸ் என்றால் நஞ்சுதான். பெயரை மாற்றச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னதுமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோமே, அதுதான் தவறு என்கிறேன். நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், யாருக்கு, எங்கே என்று கேட்கப் பழக்க வேண்டும். காளான் விவசாயிக்கு நஷ்டம், செஸ்ட்நட் மரத்துக்கு மருந்து, சுடுமண் புல்லுக்குத் துணை என்று இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. “வைரஸ் நல்லதாம், டீச்சரே சொல்லிட்டாங்க” என்று குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். ரேபிஸும் போலியோவும் வைரஸ்தான். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, உடனே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு என்று கேட்கச் சொன்னேனே, நமக்கு என்றால் அதற்கு இதுதான் பதில்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளே, பலகையில் அந்தக் கோட்டைப் போடுங்கள், பரீட்சைக்கு வேண்டும். ஆனால் அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கோட்டைத் தாண்டும் ஒன்றைக் காட்டிவிட்டு அழியுங்கள். ஒரு பிள்ளை எழுந்து கேள்வி கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், “தெரியலை, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அன்றைக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. கிருமிக்கும் நோய் வரும்டா.