கிரீமை மாத்தியும் முகம் தெளியலையா? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?

"அண்ணா, முகத்துல போடுற மாதிரி நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க."

திருச்சி கே.கே. நகர் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தொடும் ஒரு குடும்பத்தலைவி. கையில் உழவர் சந்தைப் பை. வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமனார், ப்ளஸ் டூ படிக்கும் மகள். ராத்திரியில் மூன்று முறையாவது எழுந்திருக்க வேண்டும். கன்னத்தில் கருமை, தாடையில் பரு, சீப்பில் கொத்தாக முடி. "இந்த போர் தண்ணிதான் ஒத்துக்கல" என்று அவரே காரணமும் சொல்லிவிடுவார்.

தண்ணீர் மேல் பழி போடுவது சுலபம். தூக்கத்தை யார் கேட்கிறார்கள்?

மன அழுத்தம் வந்தால் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். ஒருநாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் சருமத்தின் மேலடுக்கு ஈரப்பதத்தைத் தக்கவைக்கத் திணறும். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் உற்பத்தியும் குறையும். எண்ணெய்ச் சுரப்பு கூடி பரு வரலாம். சொரியாசிஸ், எக்ஸிமா இருப்பவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் கிளம்புவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

முடி கொட்டுவதில் ஒரு வேடிக்கை உண்டு. அதிர்ச்சியோ அலைச்சலோ நடந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். அதனால் போன வாரம் மாற்றிய ஷாம்பு மாட்டிக்கொள்கிறது!

வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களை வைத்தே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை கவனித்தார்கள். நோயாளியைக் கவனித்த பெண்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆனது. 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. அதே பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ மாணவர்களிடமும் பின்னர் சோதித்தார்கள். விடுமுறையில் ஆறியதைவிடப் பரீட்சை நேரத்தில் வாய்க்குள் இருந்த காயம் ஆற 40 சதவிகிதம் அதிக நாட்கள் பிடித்தன. ப்ளஸ் டூ மகளின் முகப்பருவுக்குத் திட்டும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

முகம் முதிர்ந்து தெரிய அழுத்தம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. வெயில்தான் முதல் எதிரி. டி.வி.எஸ். டோல்கேட் வரை ஸ்கூட்டியில் உச்சி வெயிலில் போய்வரும் முகத்துக்கு சன்ஸ்க்ரீன் அவசியம். மங்குக்கு ஹார்மோன் மாற்றமும் காரணமாகலாம். கழுத்துக் கருமைக்கு சர்க்கரைப் பரிசோதனை தேவைப்படலாம். முடி கொட்டினால் தைராய்டையும் ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் "டென்ஷன்" என்று தள்ளிவிடுவதும் தப்பு.

உண்மையான ஆபத்து, கடையில் சும்மா வாங்கும் அந்த கிரீமில் இருக்கிறது. நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆனால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், சிவக்கும், பரு கூடும், முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே போடுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் பல ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க என்று கேட்டு வாங்குவது நிற்கவில்லை.

சரி, அந்தக் குடும்பத்தலைவி என்ன செய்யலாம்? யோகா கிளாஸ் போங்க என்று சொல்வது எளிது, நேரம் யார் தருவது? அவருக்கு முதலில் தேவை, வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முழுத் தூக்கம். அந்த இரண்டு நாளும் மாமனாருக்கு மாத்திரை கொடுக்க, படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்க, அவர் மகன் எழுந்திருக்கலாமே!

ஒரு மாதமாகியும் கருமையோ முடி உதிர்வோ குறையவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை போட்ட கிரீம் டியூப்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.