எலும்பின் பொருளும் நம் வயலும்

மனிதருடைய எலும்புக்கும் சம்மாந்துறை வயலுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். உறவு உண்டு.

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் கனியப்பொருளை விஞ்ஞானிகள் ஹைட்ரொக்சிஅபடைட் என்பர். கல்சியமும் பொஸ்பரசும் அதில் அடங்கியுள்ளன. செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத் தண்டுக்கு அதனைப் பூச்சாக இடுவதுண்டு. எலும்பு அதனைப் பற்றி வளர்கின்றது.

அதே பொருளை, பேராசிரியை நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர் பயிருக்குப் பயன்படுத்தினர். வயலில் எறியும் யூரியா விரைந்து கரைகின்றது. ஒரு பகுதி காற்றிலே கலந்தும், மற்றொரு பகுதி நீரோடு ஓடியும் வீணாகின்றது. ஆய்வாளரோ அக்கனியத்தின் மிக நுண்ணிய துணிக்கைகளில், ஒரு பங்குக்கு ஆறு பங்காக யூரியாவைப் பிணைத்தனர். அது மெல்ல மெல்லவே வெளிவந்தது. நெல்வயற் சோதனையில் வழமையான யூரியாவில் அரைப்பங்கே போதுமாயிற்று, விளைச்சல் குறையவில்லை. 2017ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

இதன் அருமையை 2021ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட அவ்வாண்டில் வேளாண்மை பட்ட பாட்டை நம் பகுதியில் யார் மறப்பர்? யூரியா கடல் கடந்து வரும் பொருள். அதனிற் பாதி மிஞ்சுமாயின் பசளைக்கென வாங்கும் கடன் குறையும். களப்பிற் கலக்கும் கழிவும் குறையும்.

ஆயினும், உழவர் கைக்கு மலிவாக எட்டும்போதே ஆய்வுகூடத்தின் வெற்றி முழுமை பெறும். விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.