அச்சுக்கு முன் ஒரு விவாதம்

பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டது. எந்த ஆய்விதழில் எழுதினால் செல்லும், எதில் எழுதினால் செல்லாது என்று 2019 முதல் நம் தமிழ்த்துறைகளுக்குச் சொல்லிவந்த பட்டியல் அது. நல்ல இதழ் எது என்று முடிவுசெய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் வந்திருக்கிறது. பட்டியல் போனதில் எமக்கு வருத்தமில்லை. அது இருந்த காலத்திலும் பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் இதழ்கள் ஓயவில்லை. அட்டையில் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று மாணவர்கள் ஏமாறுகிறார்கள். ஓர் இதழை இன்னோர் இதழிலிருந்து பிரித்தறிய உதவும் எட்டு இலக்க எண் அது. தரத்துக்குச் சான்று அல்ல.

கட்டுரை வெளியிடும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்புகளும் வேண்டும் என்றது மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறை. 2022இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. பழக்கம் நீங்கவில்லை. கருத்தரங்கு தொடங்கும் காலையிலேயே கட்டுரைகள் தடித்த தொகுப்பாக அச்சாகி மேசையில் இருக்கின்றன. அச்சேறிவிட்ட கட்டுரையைப் பற்றி யார் என்ன கேட்டு என்ன பயன்? கேட்பவருக்கும் ஆர்வமில்லை, சொல்பவருக்கும் திருத்த இடமில்லை.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் நா. வானமாமலை வேறு வழியைக் காட்டியிருக்கிறார். அவர் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, கடுமையாக விவாதிக்கப்பட்டன. 1969இல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அந்த விவாதச் சூழலில் வளர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பெரிய நிதி ஏதுமின்றி நடந்த வேலை அது. இன்று இத்தனை துறைகள் இருந்தும் அப்படியொரு கூட்டம் மாதம் ஒருமுறை கூடினால் அதுவே செய்தியாகிவிடும்.

ஆய்வு மாணவர்களுக்குச் சொல்கிறோம்: வெளியீட்டை ஆய்வின் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். எந்த இயல் தனிக் கட்டுரையாக நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே நெறியாளருடன் பேசுங்கள். அனுப்பப்போகும் இதழின் இரண்டாண்டு இதழ்களையாவது படியுங்கள். உங்கள் துணைநூற்பட்டியலில் அந்த இதழிலிருந்து ஒரு கட்டுரைகூட இல்லையென்றால், உங்கள் வாசகர் அங்கே இல்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். நல்ல இதழில் மதிப்பீட்டுக்கு மாதங்கள் ஆகும். அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே அனுப்புங்கள். மதிப்பீட்டாளர் கேள்விகளோடு திருப்பி அனுப்பினால் மனம் உடைய வேண்டாம். உங்கள் எழுத்தை வரிவரியாகப் படித்த ஒருவர் கிடைத்திருக்கிறார்; அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

நெறியாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் உழைப்பு இல்லாத கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். கட்டணம் கிடையாது. துறை அறிந்த இருவர் படித்துத் தரும் குறிப்புகளை, வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும், எழுதியவருக்கு அனுப்பிவைப்போம். எழுதுங்கள்.