மூலிகையை மறைக்க வேண்டாம்

சாரல் காலத்தில் கீழப்பாவூரிலிருந்து குற்றாலம் செல்லும் எவரும், அருவிக்குப் போகும் சாலையோரத்து மூலிகைக் கடைகளைக் காணாமல் திரும்ப முடியாது. கடைக்கு வராத ரெய்ஷி போன்ற காளான்களின் மாத்திரைகள் இப்போது இணைய வணிகத்தின் வழியே வீட்டு வாசலுக்கே வருகின்றன. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பங்கள் இவற்றை 'நோய் எதிர்ப்புச் சக்தி'க்காக வாங்குகின்றன.

எங்கள் உறவினர் ஒருவருக்கு மூன்றாவது சுற்று கீமோதெரபிக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன. சிகிச்சை தள்ளிப்போனது. நாள்தோறும் சீந்தில் பொடி உண்டு வந்ததை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை. "சொன்னால் திட்டுவார்கள்" என்றார். பொடியா, கீமோ மருந்தா, எது காரணம் என்று இன்றும் கூற இயலாது. மறைத்ததால் அதைக் கண்டறியும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

மூலிகையை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின், நம் வீட்டு முற்றத்து நித்யகல்யாணியிலிருந்து கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற பொருள் இருப்பதை 1972-இல் வெளியிட்டவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். குடல் புற்றுநோய்க்கான இரினோடிகன் அப்பொருளின் வழிவந்த மருந்தே. ஆனால், இவை பிரித்தெடுத்து, அளவு வரையறுத்து, நரம்பு வழியே செலுத்தப்படுபவை. நித்யகல்யாணி இலையை மென்று தின்றால் நஞ்சாகும்.

காளானுக்கும் இது பொருந்தும். ஜப்பான் 1977-இல் ஒருவகை மரக்காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டினையும், 1985-இல் ஷிடாகே காளானிலிருந்து எடுத்த லென்டினானையும் அங்கீகரித்தது. இரண்டும் கீமோதெரபியுடன் சேர்த்துத் தரப்பட்டவை. அதற்கு மாற்றாக அல்ல. அந்த மருந்துகளுக்குக் கிடைத்த சான்றைப் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு புட்டிப் பொடிக்கு ஏற்றிக் கூறுவது நேர்மையாகாது.

'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கைதான் சிக்கல். மனச்சோர்வுக்கு உண்ணப்படும் ஐரோப்பிய மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இரினோடிகனின் செயல்படு பொருளை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்ததை 2002-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. தாவரத்திலிருந்து வந்த மருந்தைத் தாவரமே முடக்குகிறது! சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எதுவாயினும், கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் பூஞ்சை படிந்த பொடி தொற்றுக்கு வழிவகுக்கலாம் என்பதில் ஐயமில்லை. அந்நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சிகிச்சையையே கைவிடுவது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டது. முதல் பிரிவினருக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை.

ஆனால், சட்டம் மட்டும் போதாது. கடைக்காரர் நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கிறார். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே பாளையங்கோட்டையில்தான் இருக்கின்றன. கீமோ பெறும் நோயாளியின் மருந்துத் தாளை இரு தரப்பும் ஒன்றாகப் பார்த்து, எது கூடும், எது கூடாது எனச் சொல்லும் ஏற்பாட்டை அங்கிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் "வீட்டில் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கடிந்துகொள்ளாமல் கேட்பதற்குச் செலவு எதுவுமில்லை.

நோயாளிகளும் வாங்கிய பொடியையும் மாத்திரையையும் அடுத்த முறை மருத்துவரின் மேசையில் எடுத்து வைக்க வேண்டும். எங்கள் உறவினர் இப்போது அப்படித்தான் செய்கிறார்.