தோஷமுள்ள கல்

போன மாதம் ஒரு நண்பருக்குத் துணையாக ராசிக்கல் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, புதன் சரியில்லை, மரகதம் போடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் நண்பரின் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரரே வழி சொன்னார். ‘‘டூர்மலின் போடுங்க சார். இதுவும் பச்சைதான். அதே பலன், பாதி விலைகூட வராது.’’

இரண்டு கற்களை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னொன்றை லென்ஸில் பார்த்தால் உள்ளே இளம்பச்சை, கரும்பச்சை என்று பட்டை பட்டையாக ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடைக்காரர் பதறிவிட்டார். ‘‘அது வேணாம் சார். உள்ளே கோடு இருக்கு. தோஷம்.’’

அன்றைக்கு வந்த கோபத்தைத்தான் இந்த வாரம் உங்கள் தலையில் கட்டப் போகிறேன்.

அந்தக் கோடு என்ன தெரியுமா? பூமிக்குள் அந்தக் கல் வளர்ந்த கதை. டூர்மலின் என்பது போரான் கலந்த ஒரு கனிமம். சோடியம், கால்சியம், லித்தியம், மெக்னீசியம், இரும்பு, அலுமினியம் என்று யார் வந்தாலும் வீட்டுக்குள் இடம் கொடுத்துவிடும். படலம் படலமாக வளரும். ஒவ்வொரு படலம் வளரும்போதும் சுற்றியிருக்கிற குழம்பிலோ திரவத்திலோ என்ன இருந்ததோ, அது உள்ளே போய்ப் பதிவாகிவிடும். பாறை மறுபடி சூடானால் பல கனிமங்களில் அணுக்கள் இடம் மாறிப் பழைய பதிவு அழிந்துபோகும். டூர்மலின் லேசில் அழிக்க விடாது. மர வளையம் மழையைச் சொல்கிற மாதிரி இது பாறையைச் சொல்லும்.

தர்பூசணி டூர்மலின் என்று ஒன்று உண்டு. நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் பச்சை. உள்பக்கம் வளர்ந்தபோது மாங்கனீஸ் கை ஓங்கியிருந்தது. பிற்பாடு இரும்பு வந்து சேர்ந்தது. நிறம் மாறிய இடத்தில் விரலை வைத்து, ‘இங்கேதான் நிலைமை மாறியது’ என்று சொல்லலாம். இதைவிட நேர்மையான சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

இது என் கற்பனை இல்லை. 1985-ல் ஹென்றி, குய்டாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பாறைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். டூர்மலினில் இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அது கிரானைட்டில் பிறந்ததா, களிமண் புதைந்து சூடாகி மாறிய பாறையில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம் என்றார்கள். அதிலுள்ள போரானிலும் கனமானது, லேசானது என்று இரண்டு வகை. கடல்நீரில் கனமான வகையின் பங்கு கூடுதல். எனவே பாறைக்குள் வந்த போரான் கடல் வழி வந்ததா என்றுகூட விசாரிக்கலாம்.

இன்னும் இருக்கிறது. மலை தேய்ந்து மணலானாலும் டூர்மலின் சுலபத்தில் கரைவதில்லை. அந்த மணல் புதைந்து மறுபடி பாறையாகும்போது பழைய மணியின் மேல் புதுப் படலம் வளரும். ஒரே மணியில் இரண்டு மலைகளின் வரலாறு! கடைக்காரர் அகராதியில் இதற்கும் பெயர் தோஷம்தான்.

ஏதோ வெள்ளைக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டூர்மலின் என்ற பெயரே இலங்கையிலிருந்து போனதுதான். அங்கே ரத்தினக் கற்களுக்கு வழங்கிய ‘தோரமல்லி’ என்ற சிங்களச் சொல்லின் திரிபு அது. 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அந்தக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். சூடாக்கினால் சாம்பல் துகளை இழுக்கிறதே என்று வியந்து ‘சாம்பல் இழுப்பான்’ என்று பெயர் வைத்தார்கள். சூட்டில் கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் உண்டாகிறது என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், கண்டுபிடித்தார்கள். நாம் மோதிரத்தில் பதித்துவிட்டுப் பலனுக்குக் காத்திருக்கிறோம்.

‘நகைக்குச் சுத்தமான கல்லைத் தேடுவது தப்பா?’ என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. அழகுக்கு வாங்குங்கள், ஆசைக்கு வாங்குங்கள். ஆனால் வரலாற்றுக்குத் தோஷம் என்று பெயர் வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இதே வியாபாரம் தனக்கு வேண்டும்போது அதே அறிவியலின் காலில் விழுவதையும் பாருங்கள். 1980-களின் கடைசியில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில், தாமிரம் கலந்த பளீர் நீல டூர்மலின் கிடைத்தது. விலை எகிறியது. பிறகு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் அதே மாதிரிக் கல் அகப்பட்டது. உடனே, ‘எந்த ஊர்க் கல் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று லேபுக்கு ஓடினார்கள். லேப் என்ன செய்கிறது? கல்லுக்குள் இம்மியளவு கலந்திருக்கும் தனிமங்களை அளந்து பூர்வீகத்தைச் சொல்கிறது. ஆக, விலை ஏறும் என்றால் கல் பேசுவதைக் கேட்கலாம். மற்ற நேரத்தில் அது வாயை மூடிக்கொண்டு, புதனுக்கோ சூரியனுக்கோ எடுபிடி வேலை பார்க்க வேண்டும். என்ன நியாயம் சார் இது?

நண்பர் கண்ணாடிக் கல்லை வாங்கினார். நான் அந்தத் தோஷக் கல்லைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். விரலில் புது மோதிரம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என் கல்லையும் ஒரு லென்ஸையும் அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் நிமிர்ந்தான். ‘‘அங்கிள், முதல்ல வந்தது உள்ள இருக்கற பச்சையா, வெளியில இருக்கறதா?’’

புதன் நன்றாகத்தான் இருக்கிறான்.