5ஜி போனை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காந்தி மார்க்கெட்ல கடை வச்சிருக்கிற கிளையன்ட் கேட்டார்: "சார், 5ஜி போன் வாங்கியும் காலையில கூட்ட நேரத்துல க்யூஆர் பேமென்ட் சுத்திக்கிட்டே இருக்கே?"

போன்ல இருந்து டவர் வரைக்கும்தான் சிக்னல் காத்துல போகும். அதுக்கு மேல வேகம் வேணும்னா டவருக்கு ஃபைபர் வந்திருக்கணும். வந்திருந்தாலும், மொத்த மார்க்கெட்டும் ஒரே டவரைப் பங்கு போட்டா வேகம் குறையத்தான் செய்யும். போனை மாத்தி என்ன பிரயோஜனம்?

என் கருத்து: அந்தக் காசுல கடைக்கே ஃபைபர் இணைப்பு போடுங்க. பில்லை கடை ஜிஎஸ்டி எண்ணில் வாங்குங்க. 1,000 ரூபாய் பிளானுக்கு 18% வரி, 180 ரூபாய். வரி உள்ள சரக்கு விக்கிறவங்க அதை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். வெங்காயம், காய்கறி மட்டும் விக்கிறவங்களுக்கும் காம்போசிஷன்ல இருக்கிறவங்களுக்கும் அது கிடையாது. முழு பில்லையும் கடைச் செலவா எழுதுங்க. விவரம் வீடியோவில்.